தலையாட்டிக்கு என் தலை

மனிதனின் இருட்டைப் பற்றிய கதை என்றால் எனக்கு உயிர். கொலைகாரன் தன் மனதைத் திறந்து காட்டுகிற நாவல், மகன் தகப்பனை விற்கிற படம், ஊரே கூடி ஒருத்தியைக் கல்லால் எறிகிற கதை, எல்லாவற்றையும் கச்சான் கொறித்துக்கொண்டே முடித்துவிடுவேன். கரப்பொத்தானைக் கண்டால் கதிரையில் ஏறுகிற மனிதர் உதுகளை என்னெண்டு பார்க்கிறார் என்று மனைவி ஊரெல்லாம் கேட்டுத் திரிவாள். விசயம் சின்னது. நான் பார்த்த இருட்டுக்கெல்லாம் நிறுத்துகிற பொத்தான் ஒன்று இருந்தது.

சாவகச்சேரிக்குக் கொஞ்சம் உள்ளே இருக்கிற எங்கள் ஊருக்கு, போன வருடம், உடுவிலில் இருந்து ஒரு பிள்ளை குறும்படம் எடுக்க வந்தாள். சுற்றிவளைப்பைப் பற்றிய படம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சண்டை நடந்த அந்த நாட்களில் ஊரை வளைத்து, ஆம்பிளைகளை ஒரு வெளியில் வரிசையாக நடக்க விடுவார்கள். வரிசை முடிகிற இடத்தில் தலையில் சாக்குப் போட்ட ஒருவன் இருப்பான். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் தலையை ஆட்டினால் ஆள் வண்டியில், ஆட்டாவிட்டால் வீட்டில். அவனுக்குப் பெயர் தலையாட்டி. எங்களில் ஒருவன்தான், எவன் என்று கடைசிவரை தெரியாது. நீட்டிய துவக்கு யாருடையது என்பது காலத்துக்குக் காலம் மாறியது. சாக்கு மாறவில்லை.

ஊர் அதிகாரியான விதானையின் வேடம் தா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அங்கிள், உங்கடை முகத்தைக் கண்டாச் சனம் சிரிச்சிடும். முகம் தேவைப்படாத பாத்திரம் ஒண்டு இருக்கு, செய்யிறியளோ?”

பாழடைந்த சங்கக்கடை முற்றத்தில் படப்பிடிப்பு. ஊர் ஆம்பிளைகள்தான் வரிசை. பெண்கள் மாமரத்துக்குக் கீழே சாப்பாட்டுப் பார்சலோடு வேடிக்கை பார்த்தார்கள். அவர்களோடு எங்கள் பக்கத்து வீட்டு அக்காவும் இருந்தார். அவருடைய புருசனை இதே ஊரில் நடந்த சுற்றிவளைப்பு ஒன்றில் தலையாட்டி காட்டிக்கொடுத்தான். அன்றைக்குப் பெண்களைக் கோயிலுக்குள் வைத்திருந்ததால் அக்கா எதையும் பார்க்கவில்லை. வண்டியில் ஏற்றப்பட்ட மனிதர் திரும்பி வரவில்லை. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

முதல்முறை நான் தலையை ஆட்டிய ஆட்டில் சாக்கே ஒரு பக்கம் திரும்பிவிட்டது. “கோயில் மாடு மாதிரி ஆட்டாதேங்கோ, அங்கிள்,” என்றாள் பிள்ளை. சனம் சிரித்தது. நானும் உள்ளே இருந்து சிரித்தேன்.

இரண்டாம் முறை சிரிப்பு வரவில்லை. தூசி, புழுக்கம், நான் விட்ட மூச்சையே நான் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தேன். மரண அறிவித்தலில் ‘சாக்கினுள் சிவபதமடைந்தார்’ என்று போடப்போகிறார்களே என்று யோசித்தேன். அப்போது வரிசை நகரத் தொடங்கியது. சற்று முன்வரை பகிடி விட்டுக்கொண்டிருந்த மனிதர்கள், ஒருவரும் சொல்லாமலே தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் காட்டவேண்டிய நீலச் சேட்டுப் பெடியன் முன்னால் வந்து நின்றான். நாடியைக் கொஞ்சம் கீழே இறக்கினேன். தூங்கி விழுகிற மனிதன் விழித்துக்கொள்வதுபோல மெல்ல உயர்த்தினேன். அவ்வளவுதான். அந்தப் பிள்ளை நிறுத்தச் சொல்ல மறந்துபோய் நின்றாள்.

அந்தத் தலையாட்டலை நான் எங்கே படித்தேன் என்றால், வட்டுக்கோட்டையில். இருபது வயதில் மாமி வீட்டில் நின்று படித்த காலத்தில் அங்கேயும் ஒருநாள் வளைத்தார்கள். மற்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். என்னால் முடியவில்லை. நான் ஊசி போடும்போதும் ஊசியையே பார்க்கிற வகைப் பயந்தாங்கொள்ளி. எனக்கு முன்னால் போனவனுக்கு அந்தச் சாக்கு அப்படித்தான் ஆடியது. என்னைக் கனநேரம் பார்த்தது, ஆடவில்லை. வீட்டுக்கு வந்து மாமியின் கக்கூசுக்குள் புகுந்தவன் இருட்டும்வரை வெளியே வரவில்லை. பிறகு கலியாண வீடுகளில் அந்தக் கக்கூசுப் பகுதியை மட்டும் சொல்லிச் சனத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் தேத்தண்ணிக் கடையில் ஒருவன் உண்மையான மரியாதையோடுதான் கேட்டான்.

“எங்கை அண்ணை உந்தத் தலையாட்டல் பழகினனியள்?”

“அந்தக் காலத்திலை சம்பளத்தோடை பழகினதடாப்பா,” என்றேன்.

என்னுடைய எவ்வளவு மோசமான பகிடிக்கும் சிரிக்கிற கடை அது. ஒருவரும் சிரிக்கவில்லை. முதலாளி துடைத்து வைத்த கிளாசை எடுத்துத் திரும்பத் துடைத்தார்.

அடிக்க வருவார்கள் என்று காத்திருந்தேன். கேற்றுக்குப் புதிய பூட்டுப் போட்டேன். மிளகாய்த்தூள் போத்தலைக் கதவடியில் வைத்தேன்; அதற்கு நானே தும்மித் தும்மி, கள்ளன் வந்தால் இருட்டிலேயே என்னைக் கண்டுபிடிக்கிற நிலைக்கு வந்தேன். ஒருவரும் வரவில்லை. பதிலாக, கலியாண வீட்டில் எனக்கு முதலில் இலை போட்டார்கள். கோயில் கூட்டத்துக்குப் போனால் எழும்பி இடம் விட்டார்கள். என்னைக் கண்டதும் பேச்சு மழைக்கு மாறியது. பயத்தில் செய்கிற மரியாதை இவ்வளவு ஒழுங்காக இருக்கும் என்று எந்த நாவலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

நாவலில் வருகிற கெட்டவனுக்கு முகம் இருக்கிறது, சின்ன வயது இருக்கிறது, அவனுக்கு ஏன் அப்படி ஆனது என்று சொல்ல ஒரு எழுத்தாளன் இருக்கிறான். எங்களுடையவனுக்கு இரண்டு ஓட்டை மட்டும்தான். அதனால் ஊர் இத்தனை வருடமாக அந்தச் சாக்கை ஒவ்வொருவன் தலையிலும் மனதுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் போய் எல்லாருக்கும் முன்னால் போட்டுக் காட்டினேன். அளவாக இருந்தது.

அக்கா வந்தது ஒரு பின்னேரம். மனைவி கதிரை கொடுத்தாள். அக்கா அதில் இருக்கவில்லை.

“தம்பி, நான் சண்டைக்கு வரேல்லை. ஒருத்தருக்கும் சொல்லவும் மாட்டன். நீர் அவரைக் காட்டேக்கை, அவர் நிமிர்ந்து பாத்தவரோ?”

விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பயம் வந்தால் சிரிப்பு வருகிற பிறவி நான். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“அக்கா, அது நானில்லை. அந்த வருசம் முழுக்க நான் வட்டுக்கோட்டையிலை. அங்கை நானும் வரிசையிலைதான் நிண்டனான்.”

“வரிசையிலை நிண்டவை நிலத்தைத்தான் பாத்தவை. என்ரை தம்பியும் நிண்டவன். அந்தத் தலையாட்டல் எப்பிடியெண்டு அவனுக்குத் தெரியாது. உமக்குத் தெரியுதே.”

கோபமில்லாமல் சொன்னார். நாளைக்கு வாறன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாட்சிக்கு மாமி இல்லை. செத்துப் பல வருடம். அன்றைக்கு என்னோடு வரிசையில் நின்ற மச்சான் கனடாவில் இருக்கிறான். கைத்தொலைபேசியை மனைவிக்கும் கேட்கும்படி வைத்துக்கொண்டு அவனை அழைத்தேன். அவன் யோசித்துப் பார்த்தான். நான் வரிசையில் நின்றது ஞாபகமில்லையாம்.

“நீ கக்கூசுக்குள்ளை இருந்தது நல்லா ஞாபகமடா,” என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தான்.

மனைவி அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போனாள். கரப்பொத்தான் பகிடியை அதன்பிறகு அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அக்கா சொன்னபடி அடுத்த நாள் வந்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். குற்றம் சாட்டுவதில்லை, அழுவதில்லை. கேட்பார், இல்லை என்பேன், நின்றபடியே தானாக ஏதாவது சொல்வார். சவரம் செய்துகொண்டிருந்தவரை அப்படியே இழுத்துப் போனார்களாம். ஒரு கன்னத்தில் சவுக்காரம். துடைக்கவும் விடவில்லை. கோடு போட்ட சாரம், கை மடித்த வெள்ளைச் சேட்டு. அவர் நிமிர்ந்து பார்த்தாரா, அல்லது மாடுபோலக் குனிந்துகொண்டே போனாரா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்பார். தெரிந்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

என்னுடைய கரைச்சல் இப்போது வேறு. நான் பார்க்காத அந்த மனிதரை நான் பார்க்கத் தொடங்கிவிட்டேன். இத்தனை கதை படித்த மண்டை சும்மா இருக்குமா? வெயிலில் சவுக்காரம் காய்ந்து வெள்ளையாகிறது. அவர் வருகிறார். இரண்டு ஓட்டைக்கு முன்னால் நிற்கிறார். நிமிர்கிறார். நேராகப் பார்க்கிறார். என்னிடம் அந்தக் காட்சி முழுதாக இருக்கிறது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் அக்காவுக்கு அது கிடைத்துவிடும். ஊருக்கும் ஒரு முகம் கிடைத்துவிடும். இப்போதே நான்தான் என்று முடிவு கட்டிய ஊர். சொல்லாமல் இருந்து நான் எதைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

நேற்றும் வந்தார்.

“பாத்தவரோ, தம்பி?”

“அது நானில்லை அக்கா,” என்றேன். ஆனால் அதைச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அக்கா அதைக் கவனித்தார். கதிரையை இழுத்துப் போட்டு முதல்முறையாக அதில் இருந்தார்.