செவலையின் மேல் விழுந்த பழி

இந்த ஊரில் பேதிக்குத் தபால் உண்டு. குழந்தைக்கு வயிறு கெட்டால் டாக்டர் சின்ன டப்பா ஒன்று தருவார். நிரப்பி, மூடி, உறையிலிட்டு அனுப்பிவிட வேண்டியதுதான். ஒரத்தநாட்டில் மாட்டு வைத்தியம் படித்த நான், டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் அந்த உறைகளைப் பிரித்து, உள்ளே இருக்கும், பேதியை உண்டாக்கும் ரோட்டாவைரஸ் எந்த ரகம் என்று பார்த்துப் பிழைக்கிறேன். சொந்த ஊரான குடவாசலில் இதைச் சொன்னபோது அமுதா அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "இதுக்காடி ஏரோப்பிளேன் ஏறிப் போன?"

அக்காவுக்கு என்ன தெரியும்! இந்த வைரஸின் மரபணு பதினொரு துண்டு. ஒரே வயிற்றில் இரண்டு ரகம் புகுந்தால் துண்டுகளை மாற்றிக்கொண்டு புதிதாக ஒன்று கிளம்பும். மாட்டு ரகத்தின் துண்டு மனித ரகத்தில் சேர்ந்ததும் உண்டு. விதைநெல்லில் வேறு ரகம் கலந்த மாதிரிதான். அப்படியொரு கலப்பு கிடைத்தால் எங்கள் ஆய்வகத்தில் கேக் வெட்டுவார்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய ஐந்தாம் நாள், என் ஒன்றரை வயது மகள் யாழினிக்கு வாந்தி, பேதி. ஆஸ்பத்திரியில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டரின் முதல் கேள்வியே, "இந்தியா போனீர்களா?" யாழினியின் டப்பாவும் எங்கள் ஆய்வகத்துக்கே வந்தது. என் சக ஊழியை மெட்டேவுக்குக் கண் மின்னியது. "மாட்டோடு பழக்கம் உண்டா?" என்றாள்.

"அக்காவின் செவலைப் பசு இவள் கன்னத்தையே நக்கும். அது எங்கள் வீட்டில் ஒருத்தி மாதிரி."

மெட்டே படிவத்தில், வீட்டில் வசிப்போர் என்ற இடத்தில், செவலையையும் எழுதிக்கொண்டாள்.

கிருமி உள்ளே போன இரண்டொரு நாளில் காட்டிவிடும், ஐந்து நாள் காத்திருக்காது என்று பிறருக்குப் பாடம் எடுப்பவள் நான். பெற்ற வயிறு பற்றி எரியும்போது பாடமாவது மண்ணாவது! அக்காவுக்குப் போன் போட்டேன்.

"எல்லாம் உன் மாட்டால வந்தது. புள்ளைய அதுகிட்ட விடாதன்னு சொன்னேனா இல்லையா?"

சொல்லவேயில்லை. பக்கத்தில் நின்று போட்டோ எடுத்ததே நான்தான். அக்கா போனை வைத்துவிட்டாள். மறுநாள் அத்தான் கூப்பிட்டார்.

"உங்கக்கா செவலைய வித்துடச் சொல்லிட்டா. வியாழக்கிழமை வியாபாரி வர்றாரு."

எனக்குச் சுருக்கென்றது. கன்றுக்குட்டியிலிருந்து அக்கா கையால் தவிடு தின்று வளர்ந்த மாடு அது.

புதன்கிழமை முடிவு வந்தது. மெட்டேயின் முகம் தொங்கிப்போயிற்று. "சாதாரண மனித ரகம்தான். உன் மகள் போகும் குழந்தைகள் காப்பகத்தில் இன்னும் மூன்று பேருக்கு இதே வைரஸ். பதினொரு துண்டும் அப்படியே பொருந்துகிறது." ஊரிலிருந்து வந்த மறுநாளே யாழினியை அங்கே விட்டிருந்தேன். அட அறிவுகெட்டவளே என்று என்னையே திட்டிக்கொண்டு, வீடியோவில் அக்காவைப் பிடித்தேன்.

"அக்கா, மாட்ட விக்காத. அது மேல தப்பே இல்ல. இங்க காப்பகத்துல ஒட்டினது."

அக்கா கேட்டாள்: "அப்ப அது உங்க ஊரு கிருமியா?"

"ஆமாக்கா."

"இந்தப் பேதிக்கு இங்க நர்சம்மா எல்லாப் புள்ளைங்களுக்கும் சொட்டு மருந்து ஊத்துறாங்களேடி. உங்க ஊருல கிடையாதா?"

"எல்லாருக்கும் போடறதில்லக்கா. நாந்தான் கேட்டுப் போட்டிருக்கணும்."

"நல்ல ஊரு, நல்ல படிப்பு!"

"மன்னிச்சுடுக்கா."

"என்கிட்ட எதுக்கு? அதுகிட்டயே சொல்லு." போனைத் திருப்பினாள். திரை முழுக்க ஈர மூக்கு. யாழினி ஓடிவந்து, நக்கச் சொல்லித் திரையில் கன்னத்தை வைத்து அழுத்தினாள். ஒன்றும் நடக்காததால் அழ ஆரம்பித்தாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மறுநாள் குடவாசலில் வியாபாரி வெறுங்கையோடு திரும்பினார்; இங்கே மெட்டே அந்தப் படிவத்தைத் திறந்தாள். உங்கள் வீட்டில் மாடு வசிக்கவில்லையே, தவறாக எழுதிவிட்டேன், அடித்துவிடட்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றேன்.