ஐந்தாவது வயல்

நான் பொய் எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. பட்டப்பகலில், என் மேசையில் உட்கார்ந்து, என் கையாலேயே எழுதினேன்.

போர்ட் பிளேரில் ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் நெல் விஞ்ஞானியாக இருக்கிறேன். மரபணுவைத் திருத்தி உருவாக்கிய, உப்பைத் தாங்கும் புதிய நெல்லை ஐந்து விவசாயிகளின் வயல்களில் நட்டுச் சோதித்தோம். நான்கில் விளைந்தது. ஐந்தாவதில் செத்தது. வெளிவந்த அறிக்கையில் நான்கு வயல்கள்தாம் இருக்கின்றன. ஐந்தாவதற்கு ஓர் அடிக்குறிப்பு மட்டும்...

அந்த வயல் பரமசிவம் அண்ணனுடையது. சாத்தம் படகுத்துறையில் படகேறி அக்கரையில் இறங்கி, ஸ்கூட்டரில் போக வேண்டும். சுனாமிக்குப் பிறகு கடல் அடிக்கடி எட்டிப் பார்க்கும் நிலம். அந்த ஆண்டு அமாவாசை ஓதத்தில் கரை உடைந்து உப்புநீர் புகுந்தது. உப்பைத் தாங்கும் நெல்லுக்கு இதைவிட நல்ல சோதனை உண்டா! பத்தே நாளில் எங்கள் நெல் கருகியது. ஒப்பிடுவதற்காகப் பக்கத்துப் பாத்தியில் நட்டிருந்த அவருடைய பழைய நெல்லோ, கொஞ்சம் வாடி, பிறகு தேறிக் கதிர் விட்டது.

ஏன் மறைத்தாய் என்று கேட்பீர்கள். அப்போது இந்த நெல்லைப் பற்றித் தொலைக்காட்சியில் தினமும் சண்டை. ஒரு தரப்பு நஞ்சு என்றது. இன்னொரு தரப்பு அமுதம் என்றது. நான் அந்த நெல்லை நம்பினேன். இந்த ஒரு வயல் எதிர்த்தரப்பின் கையில் கிடைத்தால் மற்ற நான்கையும் சேர்த்துப் புதைத்துவிடுவார்கள் என்று பயந்தேன். உண்மையைக் காப்பாற்ற ஒரு பொய்... என்ன திமிர் எனக்கு!

வயலை நீக்கக் காரணம் வேண்டுமல்லவா? 'விவசாயி முற்றிய நாற்றை நட்டதால் விலக்கப்பட்டது' என்று எழுதினேன். நாற்று முற்றவில்லை. விதைத்த நாளையும் பறித்த நாளையும் குறித்துக்கொண்டவளே நான்தான்.

அதை அவரிடமும் சொன்னேன். வரப்பில் நின்று, முகத்தைப் பார்க்காமல், "நாத்து கொஞ்சம் முத்திடுச்சுண்ணா, அதான்..." என்றேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வந்திருக்கலாமே! அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, இந்தி கலந்த தீவுத் தமிழில் சொன்னார்.

"அப்படியா மேடம்? அப்ப என் கல்திதான். நீங்க எவ்ளோ மெஹனத் பண்ணீங்க, நான் கெடுத்துட்டேன். மாஃப் பண்ணிடுங்க."

மன்னிப்பு! என்னிடம்!

பிறகு மெயின்லேண்டிலிருந்து ஒரு பத்திரிகையாளர் வந்தார். அடிக்குறிப்பைப் படித்துவிட்டு நேரே அண்ணன் வயலுக்கே போய்க் கேட்டிருக்கிறார். "மேடம் மேல ஒரு தப்பும் இல்ல. நாத்த முத்த விட்டது நான்தான்" என்றாராம் அண்ணன். அவருடைய படத்தோடு அது அச்சில் வந்தது. கேள்விகள் ஓய்ந்தன. அலுவலகத்தில் என் கையைக் குலுக்கிப் பாராட்டினார்கள்.

அன்று பத்துபஸ்தியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தது. கைப்பேசியில் பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன்... இதைச் சொல்லக்கூடிய ஒரு பெயர்கூட அதில் இல்லை. தலைக்கு மேலே விமானம் இறங்கும் சத்தம் கேட்டது. எனக்கென்று அதில் யாரும் வரப்போவதில்லை.

சொல்லிவிடுவது என்று இரண்டு முறை படகேறினேன். இரண்டு முறையும் அண்ணன் வீட்டில் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். வயலில் எழுதிய குறிப்பேடு இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. நாளைக்கே வெளியிடலாம். எத்தனை நாளைக்கு இந்த 'நாளைக்கே'?

இந்த ஆண்டு மழை தொடங்கியதும் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. சேறு படிந்த உள்ளங்கையில் ஒரு நாற்று. கூடவே பரமசிவம் அண்ணன் குரல்:

"மேடம், இத இப்ப நடலாமா? முப்பது வருசமா நட்டவன்தான்... இப்ப எனக்கே என் மேல பரோசா இல்ல, நம்பிக்கை போயிடுச்சு. நீங்க சொன்னாத்தான் நடுவேன்."

அருமையான நாற்று. பதம் தப்பவே இல்லை.

'நடலாம் அண்ணா' என்று மட்டும் அனுப்பினேன்.

நன்றி மேடம் என்று பதில் வந்தது.