அடுக்களைக்குள் காயல்

போன ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரியில் ஒரு கூட்டம். பெருத்துக்கொண்டே போகும் கொச்சி நகரம் இன்னும் முப்பது வருஷத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் சொல்ல வேண்டுமாம். குடியிருப்போர் சங்கத்தில் வேறு ஆள் சிக்காததால் மைக் நீட்டுவது, பலகையில் எழுதுவது எல்லாம் என் தலையில். இடையில் சாயாவும், நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியும் வந்தன. அந்த எண்ணெய் வாசனையோடு வெளியே ஓடையிலிருந்து காயல் சேற்று நாற்றமும் மூக்கில் ஏற, எனக்குப் பழைய கோபம் கிளம்பிவிட்டது.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் சந்து முழுக்கத் தமிழர்கள். அப்பா சுக்குக் குடோனில் மூட்டை தூக்கினார். அமாவாசை, பௌர்ணமி என்றால் மற்றவர்கள் கோயிலுக்குப் போவார்கள். நாங்கள் அடுப்பைத் தூக்கி மேசைமேல் வைப்போம். வேலியேற்றத்தில், அதாவது கடல் பொங்கும் நேரத்தில், காயல் ஓடை வழியாக ஏறி, நேராக அடுக்களைக்குள் வந்துவிடும். அம்மா ஸ்டூலில் நின்று தோசை சுடுவாள். நான் கட்டிலில் உட்கார்ந்து, மிதக்கும் செருப்புகளை விளக்குமாற்றால் இழுப்பேன். எனக்கு ஒரே கும்மாளம். அரிசிப் பானையை இடுப்பில் வைத்து நின்ற அம்மாவைக் கேட்டிருந்தால் வேறு சொல்லியிருப்பாள்.

அப்போதும் இதே மாதிரி ஒரு கூட்டம் நடந்தது. இதே கூடம், இதே பழம்பொரி. அப்பா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிப் போனார். முறை வந்ததும் எழுந்து, "எங்க அடுக்களையில வெள்ளம் கேறாம இருக்கணும் சார். அதுதான் முதல்ல" என்றார். மேடையில் இருந்த தலைவர் பெரிய வீட்டுக்காரர். சிரித்துக்கொண்டே, "அண்ணாச்சி, இது முப்பது கொல்லம் கழிஞ்ஞுள்ள காரியம். அடுக்களெக் காரியம் வீட்டில் பறயூ" என்றார். முப்பது வருஷம் கழித்து நடக்கப்போவதைப் பேசும் இடமாம் இது, அடுக்களைக் கதையை வீட்டில் சொல்ல வேண்டுமாம்.

கூடமே சிரித்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார் பாருங்கள், அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. வாயிலிருந்த பழம்பொரியை விழுங்க முடியவில்லை. துப்பவும் மனசு வரவில்லை, நல்ல பழம்பொரி. அந்தத் திட்டத்தில் படகுத்துறை வந்தது, அலங்கார விளக்கு வந்தது, எங்கள் ஓடை வரவில்லை. அன்றிலிருந்து அந்த ஆளுக்கு எங்கள் சந்தில் 'முப்பது கொல்லம்' என்றே பெயர். கல்யாண வீடுகளில் அவரைக் கண்டால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

அவர்தான் போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். கையில் ஊன்றுகோல், மடித்துவிட்ட கால்சட்டையில் சேறு. மைக் கேட்டார். கொடுத்தேன். தன் வீட்டு அடுக்களையில் வெள்ளம் ஏறுவதாகவும், முதல் இலக்காக அதைத்தான் எழுத வேண்டும் என்றும் சொன்னார். ஆகா, என் காது குளிர்ந்தது!

அவர் அன்று சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். ஆனால் இவரைத் தட்டிவிட்டால் பலகையில் ஓடை ஏறாது. அப்பா கேட்டதை நானே அழித்த மாதிரி ஆகிவிடும். அதனால் வேறு விதமாக மடக்கினேன். எழுதுகிறேன், ஆனால் இதை இந்தக் கூடத்தில் முதலில் சொன்னவர் பெயரையும் சொல்லுங்கள், சேர்த்து எழுத வேண்டும் என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். முகம் மாறியது. ஞாபகம் வந்துவிட்டது. "ஒரு அண்ணாச்சி..." என்றார்.

பெயர்? தெரியவில்லை. கூடம் காத்திருந்தது. நான் கை கொடுப்பேனா? கை வலிக்கும்வரை மைக்கை அவர் வாய்க்கு நேராகவே பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "பேரு எந்தாயிருந்நு மோளே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"முத்தையா."

மைக்கில் சொல்லச் சொன்னேன். சொன்னார். கேட்கவில்லை என்றேன். மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. இனித்தது, பொய் சொல்வானேன்.

எழுதிவிட்டு, மைக்கை வேறொருவர் கையில் திணித்துவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் எங்கள் பழைய சந்துக்கு நடந்தேன். தண்ணீருக்குப் பயந்து பாதிப் பேர் கலூருக்கும் தேவராவுக்கும் போனார்கள், மீதிப் பேர் தமிழ்நாட்டில் சொந்த ஊருக்கே திரும்பினார்கள். அப்பா கலூரில், தண்ணீரே ஏறாத ஒரு வாடகை மாடியில் கண்ணை மூடினார். எங்கள் அடுக்களை இருந்த இடத்தில் இப்போது ஒரு விடுதியின் கார்கள் நிற்கின்றன. கூடத்து ஒலிபெருக்கி அங்கே தெளிவாகக் கேட்டது; சற்று முன் அவர் சொன்னதும் இப்படித்தான் கேட்டிருக்கும். முத்தையா என்று அத்தனை சத்தமாகக் கூப்பிட்டும், என்னவே என்று எட்டிப் பார்க்க அந்தச் சந்தில் ஒருத்தர் இல்லை.