மே மாதத்து வாலிபர் கூட்டம்

எங்கள் சபையில் வாலிபர் கூட்டம் எப்போதும் மே மாதத்தில்தான் நடக்கும். ஏன் மே மாதம் என்று யாரும் கேட்டதில்லை. கீழேயிருந்து பெரிய பெரிய பிரசங்கியார்களைக் கொடைக்கானலுக்குக் கூப்பிட்டால் மற்ற மாதங்களில் ஆயிரம் சாக்குச் சொல்வார்கள். மே மாதம் கூப்பிட்டால் மட்டும் குடும்பத்தோடு வந்து இறங்கிவிடுவார்கள். மதுரையில் வெயில் மண்டையைப் பிளக்கும்போது குளிரில் ஊழியம் செய்யக் கசக்குமா என்ன? சபைக் கமிட்டிக்கும் சந்தோஷம். நல்ல பேச்சாளர் கிடைத்தார், ஸ்தோத்திரம் என்பார்கள்.

கூட்டத்துக்கு வரவேண்டிய வாலிபர்கள்தான் வரமாட்டார்கள். எப்படி வருவது? சீசன் ஐயா, சீசன்! ஊரிலுள்ள இளவட்டம் அத்தனையும் ஓட்டலில் தட்டுக் கழுவும், ஏரியில் படகு தள்ளும், டாக்ஸி ஓட்டும், வந்தவர்களின் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பூங்காவைச் சுற்றும். அந்த இரண்டு மாதம் ஓடினால்தான் மழைக்காலத்தில் வீட்டில் அடுப்பு எரியும்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபது வயது முடிந்திருந்தது. வீடு நாயுடுபுரத்தில். ஏரிக்குப் போகும் வழியில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை. ரூம் கூட்டுவது, பெட்ஷீட் மாற்றுவது, காலையில் ரூம் ரூமாக வெந்நீர் தூக்குவது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் இடுப்பு ஒடிந்துவிடும். ஒரு கூட்டம் காலி செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த கூட்டம் வாசலில் பெட்டியோடு நிற்கும். சீசன் முழுக்கக் கோயில் மணிச் சத்தத்தைக் கையில் துடைப்பத்தோடுதான் கேட்பேன். ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கிய பிள்ளை நான், பாடகர் குழுவில் பாடியவள். அந்த மணி அடித்து ஓயும்வரை கூட்டுவதை நிறுத்திவிட்டு நிற்பேன்.

அந்த வருஷம் வந்த பிரசங்கியாரை எங்கள் கெஸ்ட் ஹவுஸில்தான் தங்கவைத்தார்கள். நல்ல மனிதர்தான், குறை சொல்ல முடியாது. வெந்நீர் வாளியைக் கொண்டுபோய் வைக்கும்போது நான் ஏதோ கீர்த்தனையை முணுமுணுத்திருக்கிறேன். காதில் விழுந்துவிட்டது.

"எந்தச் சபைம்மா நீ?"

"இந்த ஊர்ச் சபைதாங்கய்யா."

"அப்படியா, ரொம்ப சந்தோஷம். சாயங்காலம் கூட்டத்துக்கு வந்திரணும், என்ன?"

"சோலி கெடக்குங்கய்யா. முடிஞ்சா வாரேன்."

கூட்டத்தின் கடைசி நாள் மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கொஞ்ச நேரம் வாங்கிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் முக்கால்வாசி சீசனுக்கு வந்த வெளியூர்ப் பிள்ளைகள், புதுப் புது ஸ்வெட்டரோடு. பிரசங்கியார் உருகி உருகிப் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்த ஊர்ப் பெண் ஒருத்தியை நானே நேரில் அழைத்தேன். எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். ஆண்டவருக்குக் கொடுக்க அவளிடம் ஒரு மணி நேரம் இல்லை! இப்படித்தான் ஒரு தலைமுறையே தொலைந்துகொண்டிருக்கிறது."

சபையே உச்சுக் கொட்டியது. கமிட்டியில் இருந்த பேக்கரிக்காரர் எழுந்து, காணாமல்போன எங்கள் ஊர் வாலிபர்களுக்காகக் கண்ணீரோடு ஜெபித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பாதி ஜெபத்திலேயே எழுந்து வெளியே வந்துவிட்டேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும், "இனிமே அந்தக் கோயில் படிய நான் மிதிச்சா என்னன்னு கேளு" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழுதாள். எனக்கு முன்னால் இதே மாதிரி கோபித்துக்கொண்டு சபையை விட்டுப் போன இரண்டு பேர் திரும்பி வரவே இல்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் அழுதும் நான் என் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

மறுநாள் மத்தியானம் கெஸ்ட் ஹவுஸின் பின்பக்கம் பெட்ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஐயரம்மா வந்து நின்றார். எங்கள் சபைப் போதகரின் மனைவி; போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம். நான் எழுந்து போனதைப் பார்த்திருக்கிறார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நானே முந்திக்கொண்டேன்.

"அவரு சொன்ன பொண்ணு நான்தாம்மா. அவரு குளிச்ச வெந்நிய யாரு தூக்குனா? படுத்த மெத்தைய யாரு தட்டிப்போட்டா? தொலஞ்சுபோன வாலிபப் பிள்ளைங்கன்னு தேடுறீங்களே, எல்லாரும் இங்கனதாம்மா கெடக்கோம்! உங்க விருந்தாளிங்க சாப்பிட்ட தட்டக் கழுவிக்கிட்டுக் கெடக்கோம்!"

கத்தித் தீர்த்துவிட்டேன். ஐயரம்மா தொட்டியில் கிடந்த ஈர பெட்ஷீட்டின் ஒரு முனையை எடுத்து, மறுமுனையை என்னிடம் நீட்டினார். இரண்டு பேருமாக முறுக்கிப் பிழிந்து உதறிக் கொடியில் போட்டோம்.

"ஏ புள்ள, உங்களுக்கெல்லாம் எப்ப சோலி கொறையும்?" என்று கேட்டார்.

"ஜூலையிலம்மா. மழ பிடிச்சிருச்சுன்னா ஒரு பய மலையேற மாட்டான்."

"சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சபையிலிருந்து என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான். என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை இறங்கவிடாமல் நானே பிடித்துவைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலையில் ஆள் அனுப்பினார். வாலிபர் கூட்டம், கட்டாயம் வரணும் என்று. வாசலோடு நின்று ஐயரம்மாவுக்குத் தலையைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனேன். மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தால், படகு தள்ளும் பையன், டாக்ஸி ஓட்டும் அண்ணன், ஹாஸ்டலில் ஆயா வேலை பார்க்கும் அக்கா, பூம்பாறை பஸ்ஸில் பூண்டு மூட்டையோடு வந்து இறங்குகிறவர். பெஞ்செல்லாம் ஈரத் தலைகள். சீசன் முழுக்க ரோட்டில் பார்த்துவிட்டு ஓடிய முகங்கள்தான், ஒரு வார்த்தை நின்று பேசியதில்லை. பின்னால் பேக்கரிக்காரரும் மப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கு யாரும்மா பேசுறா?" என்று ஐயரம்மாவிடம் கேட்டேன்.

"கேக்காத ஆள் இல்ல. இந்த மழையில ஏறி வர ஒருத்தருக்கும் மனசில்ல. நீதான் பேசணும்."

"நானா? வெளாடுறீங்களாம்மா? எனக்கு என்ன பிரசங்கம் தெரியும்?"

"பிரசங்கம் யாரு கேட்டா? அன்னைக்கு என்னைய நிக்கவச்சுக் கேட்டீல்ல, அத அவங்ககிட்டயும் கேளு."

கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் முன்னால் நிறுத்திவிட்டார். பேசினேன். வாளி, துடைப்பம், மணிச் சத்தம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. "நாங்க ஆண்டவர விட்டுப் போகலைங்க, லீவுதாங்க கெடைக்கல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். டாக்ஸி அண்ணன் "ஆமா!" என்று சத்தமாகச் சொன்னார்.

பேக்கரிக்காரர் எழுந்தார். போச்சுடா, மறுபடியும் ஜெபிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"சீசன்ல நீங்கள்லாம் எத்தன மணிக்குச் சோலிக்குப் போகணும்?"

"ஆறரைக்குங்க" என்றோம்.

"அஞ்சரைக்கு ஆராதனை வச்சா வருவீங்களா? அடுப்பு மூட்ட நான் வெள்ளனே எந்திரிக்கிற ஆளுதான். மணிய நான் அடிச்சுக்கிடுறேன்."

அதற்காகக் கமிட்டியில் என்னென்ன சண்டை நடந்ததோ எனக்குத் தெரியாது. அடுத்த சீசன் தொடங்கிய முதல் ஞாயிறு, பனி விலகுவதற்கு முன்னாலேயே மணி அடித்தது. ஸ்வெட்டருக்குள் யூனிபாரத்தைப் போட்டுக்கொண்டு போனோம். எங்கள் போதகர் நீட்டிப் பேசுகிறவர். அன்றைக்குக் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சுருக்கிக்கொண்டார், பாவம். நற்கருணைக்கு முழங்கால் போட்டேன். எத்தனை தேய்த்துக் கழுவினாலும் பினாயில் வாடை போகாத என் கையில் அப்பத்தை வைத்தார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? அந்த ஐயரம்மாவும், அந்தப் பேக்கரிக்காரரும் இல்லையென்றால் அந்த இடத்துக்கு நான் திரும்பியே வந்திருக்க மாட்டேன். அவர்களை நினைக்கும்போதெல்லாம் இப்போதும் கண் கலங்குகிறது.

பெஞ்சுக்கு வந்த பிறகும் எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. கண்ணை மூடி அப்படியே குனிந்திருந்தேன். யாரோ தோளைத் தட்டினார்கள். ஐயரம்மா.

"ஏ புள்ள, போதும் எந்திரி. மேனேஜர் வையப்போறாரு. ஆண்டவரு எங்கயும் போயிர மாட்டாரு, நீ வெரசா ஓடு."