முப்பது நாளுக்குள் திரும்ப வேண்டிய அக்கா

அமெரிக்காவிலிருந்து அக்கா வந்து இறங்கியதும் நான் கேட்கும் முதல் கேள்வி, "எப்பங்க்கா திரும்பறீங்க?" என்பதுதான். வாங்க என்று சொல்வதற்கு முன்பே போகும் நாளைக் கேட்கிற தங்கை கோயமுத்தூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். எனக்கு மட்டும் ஆசையா என்ன? அந்த நாட்டை விட்டு முப்பது நாள் வெளியே இருந்துவிட்டால், அங்கே அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகையும் அதோடு சேர்ந்த மருத்துவ அட்டையும் நின்றுபோகும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரு மாதம் முடியும் முன்பே பெட்டி கட்டிவிடுவார். என் மகளுக்குப் பிரசவம் தள்ளிப்போனபோது இன்னும் ஒரு வாரம் இருக்கச் சொல்லிக் கெஞ்சினேன். முடியாது என்றுவிட்டார். குழந்தை பிறந்த செய்தியை அவருக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்துதான் சொன்னேன். கூடவே கொஞ்சம் திட்டினேன்.

அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். மாமா இறந்தபின் பல்லடத்தில் அண்ணன் வீட்டில் இருந்தார். தொண்ணூறு வாக்கில் அவருடைய ஒரே மகன் கலிஃபோர்னியாவுக்கு அழைத்துக்கொண்டான். அவனும் மனைவியும் வேலைக்குப் போக, அக்கா சமைத்து, இரண்டு பேரப்பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். சில வருடங்களில், தனக்கென்று வருமானம் இல்லாத வயதானவர் என்ற கணக்கில் அரசாங்க உதவி கிடைத்தது.

கல்யாண வீடுகளில் இதுதான் பேச்சு. ரெண்டு கார் வைத்திருப்பவனுடைய அம்மா சர்க்கார் காசு வாங்குகிறாராமே என்று என்னிடமே வந்து கேட்பார்கள். எனக்கும் அது சங்கடமாகத்தான் இருந்தது. ஒருமுறை அக்காவிடமே கேட்டுவிட்டேன்.

"அவனோட இன்சூரன்சுல பொண்டாட்டி பிள்ளைகளுக்குத்தான் எடமாமா. அம்மாளுக்கு இல்லியாமா. தெனமும் ரெண்டு வேளை சக்கரைக்கு ஊசி போடறேன் கண்ணு. அந்த அட்டை இல்லீன்னா நான் என்ன பண்றது?" என்றார். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தொண்ணூற்றாறில் அந்த அட்டைக்கே ஆபத்து வந்தது. சமூக நலச் செலவைச் சீர்திருத்துகிறோம் என்று அங்கே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். குடியுரிமை வாங்காமல் வசிப்பவர்களுக்கு இனி உதவி கிடையாது என்பது அதில் ஒரு பகுதி. வருகிற வருடம் நிறுத்திவிடுவோம் என்று அக்காவுக்கும் தகவல் வந்துவிட்டது.

தொலைபேசியில் அக்காவின் குரல் சுரத்தில்லாமல் இருந்தது. "நம்ம கணபதி ரேசன் கடையில தெக்கத்தி ஆளுகளப் பேசுவாங்கல்ல, எங்கிருந்தோ வந்து நம்மளோட அரிசிய வாங்கிட்டுப் போறாங்கன்னு. அதே பேச்சு இங்க என்னையப் பேசறாங்க கண்ணு. டிவியில பாத்தேன்."

எனக்கு எரிச்சலாக வந்தது. வரச் சொல்லும்போது சொல்லியிருக்க வேண்டியதுதானே? வயதான மனுஷியை உள்ளே விட்டு, மருந்துக்குப் பழக்கி, பிறகு நீ யார் என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? வீட்டில் யாரிடமாவது கேட்டால், அவர்கள் நாடு, அவர்கள் காசு என்றார்கள். ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது அவர்களே என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

மகன் ஒரு வழி கண்டுபிடித்தான். அம்மா அமெரிக்கக் குடிமகள் ஆகிவிட வேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் தேர்வு. அக்கா தமிழில் எட்டாவது வரை படித்தவர். நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறவள். கேள்விகளை கேசட்டில் பதிவு செய்து, அதோடு அக்காவையும் என்னிடம் அனுப்பி வைத்தான்.

முதலில் நான் மறுத்தேன். இந்த ஊர்க்காரி இல்லை என்று கையெழுத்துப் போட நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? "போட்டுட்டா பயமில்லீங்க சித்தி. அதுக்கப்புறம் அம்மா எத்தனை நாள் வேணும்னாலும் அங்க வந்து இருக்கலாம்" என்றான். அதைக் கேட்டதும் மனது மாறிவிட்டது. முப்பது நாள் கட்டுப்பாடு வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் என்று அவன் நினைத்திருந்தான். நானும் நம்பினேன்.

அந்த மாதம் முழுக்க என் சமையலறையில் அமெரிக்க அரசியல் சாசனம்தான். எங்கள் வார்டு கவுன்சிலர் யார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, அவர்களுடைய மேலவையில் எத்தனை பேர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அக்காவுக்குக் கொடியிலிருக்கும் நட்சத்திரக் கணக்கெல்லாம் சுலபமாக வந்துவிட்டது. மற்றது மண்டையில் ஏறவில்லை. பள்ளியில் நாற்பது பிள்ளைகளிடம் காட்டாத கோபத்தை அவரிடம் காட்டினேன்.

"சட்டம் போடறது யாருங்க்கா? நேத்துத்தான சொல்லிக்குடுத்தேன்."

"என்ற ஊசிய நிறுத்தறேன்னு சொன்னாங்கல்ல, அவிங்கதான்" என்றார், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். மதிப்பெண் போடுவதாக இருந்தால் முழுதாகப் போட்டிருப்பேன். தேர்வில் அப்படிச் சொல்ல முடியாதே.

எப்படியோ தேறிவிட்டார். அடுத்த வருடம் ஒரு பெரிய மண்டபத்தில் நூற்றுக்கணக்கான பேரோடு நின்று கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தார். அது முடிந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அதே அரசாங்கம் சட்டத்தைத் திருத்தியது. முன்பே உதவி வாங்கிக்கொண்டிருந்த வயதானவர்களுக்கு, குடியுரிமை இல்லாவிட்டாலும், அது தொடருமாம். அதாவது அக்கா சும்மா இருந்திருந்தாலே போதும். செய்தி கேட்ட அன்று கையிலிருந்த டம்ளரைத் தரையில் அடித்தேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை என்பதுதான் பெரிய கோபம்.

அதோடு முடியவில்லை. குடிமக்களுக்கும் அதே முப்பது நாள்தானாம். மகன்தான் விசாரித்துச் சொன்னான். தங்கை வீட்டுக்கு வர அக்கா இப்போது விசா எடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால் போலீஸ் அலுவலகத்தில் வெளிநாட்டவர் என்று பதிய வேண்டும். பிறந்தது பல்லடம், வாக்கப்பட்டது பெருந்துறை, இவர் வெளிநாட்டவர்.

அமெரிக்க பாஸ்போர்ட்டோடு அக்கா முதல்முறை வந்தபோது காலில் ஒரு புண் இருந்தது. ஆறவில்லை. கணபதியில் எங்களுக்குப் பழக்கமான டாக்டர் தினமும் கட்டுப்போட்டு நன்றாகவே பார்த்தார். புண் வாடத் தொடங்கியது. இவ்வளவு தூரம் விமானத்தில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு போகக் கூடாது, இரண்டு மாதம் ஆகட்டும் என்றார். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. கீழ் அறையை ஒழித்து, கட்டில் போட்டு, பயணத்தை ரத்து செய்ய டிராவல்ஸுக்கும் சொல்லிவிட்டேன்.

ஆனால் அக்கா டிராவல்ஸைத் திரும்பக் கூப்பிட்டு, பழைய தேதியிலேயே போவதாகச் சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்தபோது பெட்டியில் புடவை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கால் போனாலும் பரவால்ல, அட்டை போகக் கூடாதாங்க்கா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே நாராசமாக இருந்தது. "இங்க டாக்டர் இல்லியா? மருந்து இல்லியா? நான் வாங்கித் தரமாட்டனா?"

"தருவ கண்ணு. நீ தருவேன்னு எனக்குத் தெரியும்."

"அப்பறம் என்னங்க்கா?"

அக்கா புடவையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். "அங்க ஊசி வாங்கற எடத்துல ஒரு புள்ள நிக்கும். அட்டையப் பாக்கும், மருந்தக் குடுக்கும். என்ற மொகத்தப் பாக்காது. நானும் அதும்பட மொகத்தப் பாக்க வேண்டீதில்ல. மகன் ஊட்டுலகூட எனக்கு அப்படி இல்ல."

"நான் உங்க தங்கச்சிங்க்கா."

"அதனாலதான் சொல்றேன்" என்றார். "ஒரு மாசம் வந்தா உனக்கு நான் அக்கா. வருசம் பூராவும் இருந்தா, ஊசி தீர்ந்துபோச்சுன்னு உன்ற மொகத்தப் பாத்து நிக்கோணும். அது மட்டும் வேண்டாங்கண்ணு."

அந்த அரசாங்கம் சட்டத்தை மாற்றி மாற்றி அவரை விரட்டுகிறது என்றும், மகன் ஏமாற்றிவிட்டான் என்றும் அத்தனை வருடம் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் விரும்பித்தான் போய்க்கொண்டிருந்தார். ஆத்திரம் அடங்கவில்லை, திட்டுவதற்குத்தான் ஆள் இல்லாமல் போய்விட்டது. காலையில் டாக்சி வந்ததும் புண்பட்ட காலுக்கு அடியில் ஒரு தலையணையை வைத்துக் கதவைச் சாத்தினேன்.