கயிறு எடுத்த வகிடு

என் தலையில் இரண்டு வகிடு உண்டு. ஒன்று நான் எடுப்பது. நெற்றியிலிருந்து நேராகப் பின்னால் போகும். மற்றது உச்சியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு காதுப் பக்கம் இறங்கும். அது கூடைக் கயிறு எடுத்தது. தேயிலைக் கொழுந்துக் கூடையை முதுகில் போட்டு, அதன் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மலையேறுகிறவளுக்குத் தோட்டம் போட்டுவிட்ட நகை. இரண்டு விரல் அகலத்துக்கு முடியே கிடையாது, தோல் மட்டும் வழுவழுவென்று இருக்கும். கயிற்றுக்கு அடியில் துணியை மடித்து வைத்துப் பார்த்தேன். துணியும் தேய்ந்தது, முடியும் தேய்ந்தது.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பெண்களுக்கு இது உண்டு. அதனால் ஒருவர் தலையை ஒருவர் பார்த்துச் சிரிப்பதும் இல்லை, உச்சுக் கொட்டுவதும் இல்லை. கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போகும்போது மட்டும் மறைப்போம். பின்னாலிருந்து ஒரு கற்றையை முன்னுக்கு இழுத்து, அந்த இடத்தின் மேல் படிய வைத்து, ஊசி குத்திவிடுவோம். காற்றடித்தால் கையை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். சாமி கும்பிடும்போது மட்டும் கஷ்டம்.

என் மகள் அட்டன் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வேலை கிடைத்ததிலிருந்து என் தலைமேல் அவளுக்கு அக்கறை பொத்துக்கொண்டு வந்தது. போனில் வீடியோ வீடியோவாக அனுப்புவாள். சின்ன வெங்காயச் சாறு தடவுங்கள், வெந்தயம் ஊறவைத்து அரையுங்கள், கற்றாழை, செம்பரத்தை இலை. அந்த வீடியோவில் பேசுகிற பெண்ணுக்கு இடுப்புவரை முடி. அவளுக்கு எதற்கு வெங்காயம் என்று எனக்கு விளங்கவில்லை.

இருந்தாலும் செய்தேன். எங்கள் டயகம மலைக் குளிரில் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள்ளேயே உறைந்து கிடக்கும். அதை அடுப்போரம் வைத்து இளக்கி, வெந்தயம் போட்டுக் காய்ச்சித் தேய்த்தேன். விடிகாலையில் வெங்காயச் சாறு பூசிக்கொண்டு மலைக்குப் போன அன்று, பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவள் மூக்கை உறிஞ்சி, "யாரு வூட்டுலங்க கறி தாளிக்கிறாங்க?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மத்தியானத்துக்குள் கயிறு அந்தச் சாற்றையும் வழித்து எடுத்துவிட்டது. கயிறு தலையில் இருக்கிறவரைக்கும் எந்த மருந்தும் பலிக்காது என்று எனக்குத் தெரியும். மகளுக்கும் தெரியும். கூடையை இறக்கி வையுங்கள் என்று அவள் ஒரு நாளும் சொல்லவில்லை. வெங்காயம் மட்டும் சொன்னாள்.

இப்படியிருக்கும்போது, கூடப் படிப்பிக்கிற யாழ்ப்பாணத்துப் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். பையனுக்கு அப்பா இல்லை. அம்மா மட்டும் எங்களைப் பார்க்க வருகிறார். லயத்துக்கு இல்லை, அட்டனில் மகள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு. முதல்நாள் மகள் போன் எடுத்தாள்.

"அம்மா, தலைய நல்லா சீவிக்கிட்டு வாங்க. நீங்க பிள்ளைக் காம்பராவுல வேலைன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கேன்."

"நா எப்ப அங்க வேல செஞ்சேன்?"

"ஒரு நாளைக்குத்தானேம்மா. சும்மா இருங்க."

பிள்ளைக் காம்பரா என்பது, மலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். இவளை அங்கே போட்டுவிட்டுத்தான் நான் கொழுந்து பறித்தேன். நெஞ்சில் பால் கட்டிக்கொண்டு மலையிலிருந்து அங்கே ஓடி வந்திருக்கிறேன். அந்த அளவுக்கு அவள் சொன்னது உண்மைதான். எரிச்சலாக இருந்தது. ஆனால் இந்தக் கல்யாணம் நடக்கவேண்டும் என்று அவளைவிட நான்தான் கிடந்து தவித்தேன். அவள் அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம். எங்கள் லயத்து ஒற்றை அறைக் காம்பராவிலிருந்து இவளாவது வெளியேறி, நல்ல வீட்டில் போய் இருக்கட்டும். என் மண்டையால் அது கெட்டுப் போகக் கூடாது.

ஊசியை நம்பப் பயமாக இருந்தது. சிமினி விளக்குக் கரியைச் சுரண்டி, தேங்காயெண்ணெயில் குழைத்து, அந்த இடத்தில் அப்பிப் பார்த்தேன். முடி இருக்கிற மாதிரியே இருந்தது. அந்தக் குளிரில் வீட்டுக்குள் நடந்தேன், வாசலில் நின்றேன், ஒன்றும் அசையவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். காலையில் அதையே பூசி, மேலே கற்றையை இழுத்துக் குத்திக்கொண்டு பஸ் ஏறினேன். மழைக்கு ஜன்னலையெல்லாம் சாத்தியிருந்தார்கள். மூச்சுவிட இடமில்லாத சனம். எங்கள் வீட்டில் வேர்க்கவே வேர்க்காது என்பதை நான் யோசிக்கவில்லை.

மகள் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி பார்க்கக்கூட நேரமில்லை, அவர்கள் வந்துவிட்டார்கள். பையன் கடைக்குப் போனான், அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஓய்வுபெற்ற டீச்சர். மெதுவான பேச்சு. நல்ல மனுஷி, அதுதான் கஷ்டம். கெட்ட மனுஷியாக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

"நெத்தியில கறுப்பா என்னவோ வடியுது. பொறுங்கோ" என்று தன்னுடைய கைலேஞ்சியை எடுத்துத் துடைத்தார். துடைத்துக்கொண்டே மேலே போனார். ஊசி கழன்று, கற்றை என் மூக்கில் விழுந்தது.

"ஐயோ, என்னம்மா இது? எரிஞ்ச காயமோ?"

கூடைக் கயிறுங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். எத்தனை லேசான பதில். அதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"அம்மாவுக்கு ஒரு தோல் வருத்தம் மாமி. கனகாலமா இருக்கு."

அவர்கள் பேச்சிலேயே சொன்னாள். சீக்கு என்று சொல்ல அவளுக்கு வெட்கமில்லை, கூடை என்று சொல்லத்தான் வெட்கம். நான் பறித்த கொழுந்தில் படித்தவள், என்னைச் சீக்காளியாக்கிவிட்டுத் தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அந்த அம்மா கரி பட்ட லேஞ்சியை மடித்து வைத்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"குறை நினைக்காதேங்கோ. இது பரம்பரையா வாற வருத்தமோ? உங்கட அம்மாவுக்கும் இருந்ததோ? நாளைக்குப் பிள்ளையள் எண்டு வரும், அதுதான் கேக்கிறன்."

உள்ளே கோப்பைச் சத்தம் நின்றுவிட்டது.

என் அம்மா செத்தபோது நான்தான் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டிச் சீவிவிட்டேன். அவளுக்கு என்னைவிட ஆழம். உச்சியில் விரலை வைத்தால் பள்ளத்தில் இறங்கும். எப்படிச் சீவியும் மூடவில்லை. கடைசியில் பூவை வைத்து மறைத்துத்தான் தூக்கினோம். தன் அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது என்று அவள் சொல்லியிருக்கிறாள். இதைவிடப் பரம்பரை வேறு எங்கே இருக்கிறது? ஆமாம் என்று சொன்னால் கல்யாணம் அங்கேயே நின்றுபோகும். கூடை என்று சொன்னால் மகள் பொய்க்காரி ஆவாள்.

"இல்லங்க" என்றேன். "எங்கம்மாவுக்கு நல்ல முடிங்க. சாகுற வரைக்கும் கொட்டவே இல்ல. எனக்கு மட்டுந்தாங்க இந்தச் சீக்கு."

அவர் முகம் தெளிந்தது. என் கையைப் பிடித்து, யாழ்ப்பாணத்தில் நல்ல ஆயுர்வேத வைத்தியர் இருக்கிறார், எண்ணெய் அனுப்புகிறேன் என்றார். அனுப்பவும் செய்தார். கல்யாணமும் குறையில்லாமல் நடந்தது.

அன்றைக்கு மகள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து முதலில் அவருக்குக் கொடுத்தாள். பிறகு என்னிடம் குனிந்து கோப்பையை நீட்டும்போது, அவருக்குக் கேட்காமல், "தேங்ஸ்ம்மா" என்றாள். அவளைப் பெற்று வளர்த்து டீச்சராக்கிய இத்தனை காலத்தில் அவள் எனக்கு நன்றி சொன்னது அந்த ஒரு தடவைதான்.