யசோ கால் வைக்க ஒரு மணல்: வியாசர்பாடியிலிருந்து எண்ணூர் சாலை வரை

இது ஊட்டி, கொடைக்கானல் பதிவு அல்ல. போக வர மொத்தமே இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் நாலு வயதுக் குழந்தை வைத்திருக்கும் வடசென்னைக்காரர்கள் கடைசி வரை படியுங்கள், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மகள் யசோதராவை அழைத்துவர மழலையர் பள்ளிக்குப் போனேன். டீச்சர் என்னை நிறுத்தி, "சார், யசோவுக்கு விரல்ல பலமே இல்ல. கிரையான் நழுவிடுது. மத்த பசங்க ஓடினா ஓரமா நிக்கிறா. இப்படியே இருந்தா ஜூன்ல எல்.கே.ஜி. ஏத்த முடியாது, இதே கிளாஸ்தான். எழுத வெச்சுப் படுத்தாதீங்க, வெளிய மண்ணுல விளையாட விடுங்க" என்றார்.

எழுத வைக்கச் சொல்லியிருந்தால் சுலபம், நோட்டு வாங்கியிருப்பேன். மண்ணுக்கு எங்கே போவது? எங்கள் வீடு குடியிருப்பில் மூன்றாவது மாடி. கீழே முழுக்க பைக்குகள், அதற்கும் கீழே சிமெண்ட். யசோ குனிந்து எதையாவது தொட்டால் "ச்சீ, கலீஜ்" என்று சொல்லித் தூக்கிவிடுவேன். நாலு வருடமாக நான் கற்றுக்கொடுத்த ஒரே பாடம் அதுதான் என்று அன்று இரவுதான் உறைத்தது.

மனைவி மலருக்கு ஏற்றுமதி கம்பெனியில் வேலை, ஞாயிறும் உண்டு. "ஒரு நாளு மண்ணுல வெளாண்டா வெரல்ல பலம் வந்துடுமா?" என்றாள். "அப்ப வாராவாரம் போறேன்" என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன். சொன்ன வாய்க்காகவாவது போயாக வேண்டும்.

ஞாயிறு காலை 6.10க்குக் கிளம்பினோம். டோல்கேட் பஸ் ஸ்டாப் வரை ஆட்டோ, நூறு ரூபாய். விஷயத்தைக் கேட்ட டிரைவர் சிரித்தார். "மண்ணு வோணும்னா மெரினாவுக்குப் போ நைனா. இந்தாண்ட இன்னா கீது? கல்லுதான் கீது."

மெரினா எனக்கும் தெரியும். பேருந்து மாறி, கூட்டத்தில் இடிபட்டு ஒரு வாரம் போவேன், மறுவாரம் தூங்கிவிடுவேன். பக்கத்தில் இருந்தால்தான் வாராவாரம் நடக்கும். அதனால் டோல்கேட்டில் ஷேர் ஆட்டோ ஏறினேன். இருபது ரூபாய், மடியில் உட்காரும் குழந்தைக்குக் காசு இல்லை. திருவொற்றியூரில் இறங்கி, அரை கிலோமீட்டர் கிழக்கே நடந்தால் எண்ணூர் விரைவுச் சாலை.

டிரைவர் சொன்னது பொய்யில்லை. கடலரிப்புக்காகக் கொட்டிய கரும்பாறைகள்தான் கண்ணுக்கு எட்டிய வரை. ஒரு பக்கம் கல், மறுபக்கம் கண்டெய்னர் லாரி வரிசை. யசோவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டர் வடக்கே நடந்தேன். தோள் கழன்றுவிடும்போல இருந்தது. திரும்பிப் போனால் மலர் ஒன்றும் சொல்லமாட்டாள், அதுதான் இன்னும் மோசம். ஒரு டீக்கடை அக்காவிடம் கேட்டேன். "ரெண்டு தூண்டில் வளைவுக்கு நடுவுல பாரு, போட்டுங்க நிக்கிற எடத்துல மண்ணு சேந்து கீது" என்று கை காட்டினார். கடலுக்குள் நீட்டிக் கல் போட்டு அலையை அடக்குகிறார்களே, அதற்குத்தான் தூண்டில் வளைவு என்று பெயர்.

7.20க்கு அங்கே இருந்தோம். நூறு தப்படி அகலத்துக்கு நிஜமான மணல். படகுகளுக்குப் பக்கத்தில் ஒரு மீனவப் பெண் வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். பெயர் தேவி. யசோ வயதில் அவர் மகள் அஞ்சலை குழி தோண்டிக்கொண்டிருந்தாள். நான் யசோவை இறக்கப் போனேன். அவள் இரண்டு காலையும் மடக்கிக்கொண்டு, "ச்சீ, கலீஜ்!" என்று கத்தினாள். அச்சு அசல் என் குரல்.

தேவி நிமிர்ந்து பார்த்தார். "இன்னாமே கலீஜு? எங்க வூட்டு வாசலு இது."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "மன்னிச்சுக்கோக்கா. நான் சொல்லிக் குடுத்ததுதான்."

"நீ ஷூவ மாட்டிகினு நின்னா கொயந்த எப்டி எறங்கும்? மொதல்ல நீ குந்து."

ஷூவைக் கழற்றி, இஸ்திரி போட்ட பேண்டோடு ஈர மணலில் உட்கார்ந்தேன். யசோ என் மடியில் நின்றபடி இருபது நிமிடம் வேடிக்கை பார்த்தாள். அஞ்சலையின் குழியில் அடியிலிருந்து தண்ணீர் ஊறியது. அதைப் பார்க்கக் குனிந்தவள், தன்னை அறியாமல் ஒரு காலைக் கீழே வைத்தாள்.

பிறகு அஞ்சலைதான் மேஸ்திரி. "தண்ணி கொண்டா!" என்று கொட்டாங்கச்சியை நீட்டினாள். முதல் நடையில் பாதி சிந்தியது. மூன்றாவது நடையில் யசோ இரண்டு கையாலும் பிடித்து, சரிவில் நிதானமாகக் கால் வைத்து வந்தாள். யாரும் சொல்லித் தரவில்லை. காய்ந்த மணலில் கட்டிய சுவர் சரிந்தது, ஈர மணலில் நின்றது. அதையும் அவளே கண்டுபிடித்தாள். பாதி புதைந்த சிப்பிகளைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துத் தோண்டி எடுத்து, பெரியது ஒரு வரிசை, சின்னது ஒரு வரிசை. ஒரு சிப்பி எந்த வரிசை என்று பெரிய சண்டை. வீட்டில் ஒரு நாள் முழுக்கப் பேசுவதை அரை மணியில் பேசிவிட்டாள். ஒன்பது மணிக்குத் தூக்கியபோது வரமாட்டேன் என்று என்னை அடித்தாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அடி வாங்கியதில்லை.

அன்றிலிருந்து பதினொரு ஞாயிறுகள் ஆகின்றன. போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஏழரைக்குள் போய்விடுங்கள், பிறகு வெயில் தாங்காது. இரண்டு லிட்டர் தண்ணீர், சோப்பு, மாற்றுடை உங்களுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையை இறக்குமுன் கண்ணாடித் துண்டு, தூண்டில் முள் இருக்கிறதா என்று மணலைக் கையால் அளைந்து பாருங்கள். பாறைப் பக்கம் வேண்டவே வேண்டாம், அலையோரத்தில் குழந்தையைக் கை எட்டும் தூரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். மணலி ஆலைகள் பக்கமிருந்து வரும் காற்றில் நாற்றம் தூக்கினால் திரும்பிவிடுங்கள், நாங்கள் இரண்டு முறை திரும்பியிருக்கிறோம். அங்கிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள், அது அவர்கள் வேலை செய்யும் இடம். பொம்மை எதுவும் தேவையில்லை.

ஜூனில் டீச்சர் என்ன முடிவு சொல்வார் என்று இன்னும் தெரியாது. ஏற்றினாலும் போவோம், ஏற்றாவிட்டாலும் போவோம். போன செவ்வாய்க்கிழமை யசோவின் டைரியில் ஒரு குறிப்பு வந்தது: "சிவப்புக் கிரையானை அழுத்தி அழுத்தி உடைத்துவிட்டாள். புதியது வாங்கி அனுப்பவும்." மலரும் நானும் அதை மாற்றி மாற்றிப் படித்தோம். மறுநாள் இரண்டு டப்பா வாங்கிக் கொடுத்தனுப்பினேன். உடைக்கட்டும்.